‘என்ன?’ என்று கேட்டால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தில் ‘சப்ஜெக்ட் காம்ப்ளிமென்ட்’ (எழுவாய் யார், என்ன, எப்படிப்பட்டது என்று வெர்புக்குப் பின் சொல்லும் பகுதி) பாடம் வரும்போது, ‘வெர்புக்குப் பின் என்ன, யாரை என்று கேள், வருகிற விடைதான் ஆப்ஜெக்ட் (செயப்படுபொருள்)’ என்ற குறுக்குவழியை நடுநிலை வகுப்புகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். ‘ஷீ மெட் எ டாக்டர்’, ‘ஷீ பிகேம் எ டாக்டர்’ இரண்டிலும் ‘எ டாக்டர்’ என்றே விடை வருகிறது. முதலாவது எஸ்.வி.ஓ. (சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்), இரண்டாவது எஸ்.வி.சி. (சப்ஜெக்ட், வெர்ப், காம்ப்ளிமென்ட்) என்பதை ஊகித்து எழுதுவதைத் தவிர மாணவருக்கு வேறு வழியில்லை.

தமிழ் பேசும் பிள்ளையிடம் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது: இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’. ‘டாக்டரைச் சந்தித்தாள்’ என்போம். ‘டாக்டரை ஆனாள்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ‘பால் குடித்தான்’ போல உருபு மறைந்திருந்தால், ‘பாலைக் குடித்தான்’ என்று விரித்துப் பார்க்கச் சொல்லலாம். சில இடங்களில் இது கைவிடும். உதாரணமாக, ‘ஹீ ஹேஸ் எ சைக்கிள்’ என்பது தமிழில் ‘அவனிடம் சைக்கிள் இருக்கிறது’ என்றாகி, ‘ஐ’ வராமல் போய்விடும். அதற்கு இரண்டாவது சோதனை: வெர்பை எடுத்துவிட்டு ‘இஸ்’ போடுங்கள். ‘ஹீ இஸ் எ சைக்கிள்’ நிற்காது. ஆகவே அது ஆப்ஜெக்ட்தான்.

அடுத்த சிக்கல், ‘இஸ்’ இல்லாமல் ‘மை ஃபாதர் ஃபார்மர்’ என்று பிள்ளைகள் எழுதுவது. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பது நியாயமில்லை. ‘என் அப்பா விவசாயி’ என்பது தமிழில் முழு வாக்கியம். தமிழ் வகுப்பில் அதே பிள்ளை அதைப் பெயர்ப்பயனிலை (பெயர்ச்சொல்லே பயனிலையாக வருவது) என்று சரியாகவே படிக்கிறது. வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்: ‘என் அப்பா விவசாயியாக இருந்தார்’. ஒளிந்திருந்த ‘இரு’ வெளியே வந்துவிடும். ஆங்கிலத்தில் அது நிகழ்காலத்திலும் ஒளியாது என்று சொன்னால் ‘இஸ்’ விடுபடுவது குறையும். ‘ஃபார்மர்’ முன்னால் வர வேண்டிய ‘எ’ தனிப் பயிற்சி. இரண்டையும் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ‘ஆக’. ‘வேகமாக ஓடினாள்’, ‘இனிப்பாக இருக்கிறது’ இரண்டிலும் ஒரே ‘ஆக’. அதனால்தான் ‘ஷீ ரேன் குவிக்லி’ படித்த பிள்ளை, ‘தி ஜூஸ் டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதுகிறது. ‘ஆக’ செயலைச் சொல்கிறதா, எழுவாயைச் சொல்கிறதா என்று கேட்க வேண்டும். இனிப்பது சுவைக்கும் செயலா, ஜூஸா? ஜூஸ்தான். ஆகவே ‘ஸ்வீட்’. ‘லுக்’ என்ற ஒரே வெர்பை இருபுறமும் காட்டினால் மனதில் பதியும்: ‘ஹீ லுக்ட் ஆங்ரி’ என்றால் கோபம் அவன் முகத்தில். ‘ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் தி டாக்’ என்றால் பார்த்த விதத்தில். முதலாவதில் ‘வாஸ்’ போட்டாலும் வாக்கியம் நிற்கும், இரண்டாவதில் நிற்காது.

‘ஷீ இஸ் சிங்கிங்’ வாக்கியத்தில் ‘சிங்கிங்’கை காம்ப்ளிமென்ட் என்று அடிக்கோடிடுவதும் வழக்கமான பிழை; அது வெர்பின் ஒரு பகுதி. ‘வெரி’ சேர்த்துப் பார்க்கலாம். ‘தி புக் இஸ் வெரி இன்ட்ரஸ்டிங்’ சரி, அங்கே அது காம்ப்ளிமென்ட்; ‘ஷீ இஸ் வெரி சிங்கிங்’ வராது.

லிங்கிங் வெர்ப் (எழுவாயைக் காம்ப்ளிமென்டோடு இணைக்கும் வெர்ப்) இருபதை ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை. முதல் பாடவேளையில் ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ போன்ற ‘பி’ வடிவங்கள் மட்டும், அடுத்ததில் ‘பிகம்’, ‘சீம்’, மூன்றாவதில் ‘லுக்’, ‘ஃபீல்’, ‘டேஸ்ட்’, ‘ஸ்மெல்’, ‘சவுண்ட்’ போதும். ‘க்ரோ’, ‘டர்ன்’, ‘ரிமெய்ன்’ எட்டாம் வகுப்புவரை காத்திருக்கலாம்.

வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: வாக்கியத்தைத் தந்து எஸ்.வி.சி. என்று எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், ‘மெட்’, ‘பிகேம்’ போன்ற ஜோடியாகத் தந்து, எது காம்ப்ளிமென்ட், ஏன் என்று ஒரு வரி கேளுங்கள். அந்தக் காரணத்தைத் தமிழில் எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்