குறிகட்டுவானில் வெந்த கமரா

யாழ்ப்பாணம்,
கார்த்திகை, மழை விட்ட ஒரு காலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. முத்திரையைப் பேத்தி கிழித்தெடுத்துக்கொண்டாள், எழுத்தை நான் எடுத்துக்கொண்டேன். நான்கு பக்கத்துக்கும் ஆறுதலாகப் பதில் எழுதுவேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பின்குறிப்பு இருந்ததே, அதற்குத்தான் அவசரம். தை மாதம் ஆறு கிழமை இங்கே வந்து நிற்கப்போகிறாய், கார் கனடாவில், வின்னிபெக்கில் வீட்டு வாசலில் வெட்டவெளியில் நிற்கும், முன்கண்ணாடியில் ஒட்டி வீதியைப் படம்பிடிக்கிற டாஷ் கமராவை அதற்குள்ளேயே விட்டுவிட்டு வந்தால் காவலுக்கு இருக்கும் என்று எழுதியிருந்தாய். விடாதே. கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வா.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். ஒரு கமராவைக் கொன்றிருக்கிறேன், அதுதான் தகுதி. கொன்றது நீ போன முறை வந்தபோது கொண்டுவந்து தந்ததையே. ஐந்து மாதமாக உனக்குச் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஆனி மாதம், நயினாதீவு அம்மன் திருவிழாக் காலம். மனைவியும் மருமகளும் கட்டாயம் போக வேண்டும் என்றார்கள். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று ஓடி, காலை ஒன்பதரைக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்விட்டோம். அந்த இடம் உனக்குத் தெரியும். கடல், காற்று, வெய்யில். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வான்களும் பஸ்களும் அடைத்து நின்றன, கிடைத்த இடைவெளியில் காரைச் செருகினேன். மனைவி கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடச் சொன்னாள், சூடு வெளியே போய்விடுமாம். இறக்கினேன். கமரா நிறுத்தல் காவல் முறையில் இருந்தது. கராஜில் பியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்துப் பூட்டியிருந்தேன், இயந்திரம் நின்றாலும் அது விழித்திருக்கும். பெருமையோடு படகு ஏறினேன்.

அன்னதானம் முடித்துத் திரும்பும்போது பின்னேரம் இரண்டரை. காரின் இடப்பக்க பம்பர் உள்ளே போயிருந்தது. யாரோ வானைப் பின்னுக்கு எடுத்தபோது தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. பிடித்துவிட்டோம் என்று கமராவைத் தொட்டேன். தோசைக்கல். கையை உதறிவிட்டு மனைவியின் சேலைத் தலைப்பால் பிடித்துக் கழற்றிப் பார்த்தால், முதுகு வெடிக்கப்போகிற பலாக்கொட்டை மாதிரி உப்பிக்கிடந்தது. திரை ஒரு பக்கம் பெயர்ந்து நின்றது.

வீட்டுக்கு வந்து மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். 41 நிமிடம் பதிந்திருந்தது. பால்செம்பு கொண்டு போகிற பெண்கள், ஐஸ்பழக்காரன், நாய் ஒன்று. கடைசிக் கோப்பு திறக்கவே இல்லை. மூடப்படாமலே செத்திருக்கிறது. பக்கத்தில் வந்து நின்ற வான் ஒன்றின் மூக்கு மட்டும் ஓரிடத்தில் தெரிந்தது. அதையாவது காப்புறுதிக்காரரிடம் காட்டலாம் என்று கொண்டுபோனேன். அவர் மரியாதையான மனிதர், முழுவதையும் பார்த்தார். பிறகு திரையின் மூலையைச் சுட்டிக்காட்டினார். "ஐயா, இதில் 2016 ஜனவரி 1 என்று போட்டிருக்கிறதே." நாங்கள் அந்தக் காரை வாங்கியது 2018 இல். வாகன இறக்குமதியை 2020 இல் நிறுத்தி, 2025 மாசியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் பழைய கார்களெல்லாம் பொன்விலைக்குப் போயிருந்தன, நானும் என்னுடையதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துவந்தேன். அந்தக் காரின் பம்பருக்கு என் கைக்காசுதான் போனது.

இதில் எனக்குப் பெரிய வெட்கம் எது தெரியுமா? அந்தத் தேதிக் கோளாறு சித்திரையிலேயே தொடங்கிவிட்டது. வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்கு வரும் நாட்களில், ஒவ்வொரு முறை காரை இயக்கும்போதும் கமரா 2016 இலிருந்து தொடங்கியது. உள்ளே இருக்கும் பற்றரி மின்னைத் தாங்கவில்லை, மணிக்கூடு நின்றுவிடுகிறது என்று ஒரு சிறுபிள்ளைக்கும் விளங்கும். முப்பது வருடம் ரேடியோ திருத்தியவன் நான். தேதியைத் திருத்திவிட்டுத் திருத்திவிட்டு ஓட்டினேன்.

அந்தக் கமராவுக்குள் இருந்தது லிதியம் அயன் பற்றரி, தீப்பெட்டி அளவுதான். அறுபது பாகைக்கு மேல் போனால் அதற்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது, உப்புகிறது. காருக்குள் அறுபது வருமா என்று கேட்பாய். கமரா செத்த பிறகு எனக்கு வீம்பு வந்துவிட்டது. மல்ரிமீற்றரோடு வெப்பம் பார்க்கும் கம்பியைப் பூட்டி, எங்கள் வளவிலேயே காரை வெய்யிலில் நிறுத்தி அளந்தேன். வெளியே 34 பாகை. ஒரு மணித்தியாலம் கழித்து டாஷ்போர்டில் 70. கண்ணாடியில் கமரா ஒட்டியிருந்த இடத்தில் 58. அதற்கு மேல் கமரா விழித்திருந்தால் அதன் சொந்தச் சூடும் சேரும். கறுப்பு நிறம் வேறு. என் கம்பியில் பிழை இருக்கலாம் என்று தேடிப் படித்தேன். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், வெய்யிலில் ஒரு மணித்தியாலம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 பாகைக்குப் போயிருக்கிறது, நிழலில் நின்றவற்றில் 48. என் கம்பி பொய் சொல்லவில்லை. மனைவியின் ஒரு விரல் இடைவெளிக்கும் பதில் கிடைத்தது. ஸ்டான்போர்டில் 2005 இலேயே பார்த்திருக்கிறார்கள், கண்ணாடியைச் சற்று இறக்குவதால் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை, ஏறும் சூட்டில் எண்பது வீதம் முதல் அரை மணித்தியாலத்திலேயே ஏறிவிடுகிறது. இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் உங்கள் கமராவைக் கையோடு கொண்டுபோயிருக்கலாமே" என்றாள். பதில் இல்லை.

இதை எழுதும்போது தொண்ணூறுகள் ஞாபகம் வருகின்றன. போரில் பற்றரி, பெற்றோல் எல்லாம் அரசின் தடைப்பட்டியலில் இருந்த காலம். பழைய ஒஸ்ரின் ஏ40 காரின் கார்பரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகைக்குள் இருமிக்கொண்டு கோப்பாய்க்கு ஓடுவோமே. லண்டன் பிபிசி செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நீ மிதியைச் சுற்றுவாய், டைனமோவில் ரேடியோ பேசும். நீ களைத்தால் லண்டனும் களைக்கும். அப்போது செத்த டோர்ச் பற்றரிகளை முற்றத்தில் சுளகில் பரப்பி, மிளகாய் மாதிரி வெய்யிலில் காயவைப்போம். பின்னேரம் எடுத்துப் போட்டால் இன்னும் கால் மணித்தியாலம் பாடும். சூடு வேதிவினையைத் துரிதப்படுத்தும் என்பது அன்று எங்களுக்கு உயிர் தந்தது. அதே விதிதான் குறிகட்டுவானிலும் வேலை செய்திருக்கிறது. பத்துப் பாகை ஏறினால் வினை ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்று படித்தோம். நல்ல வினையும் கெட்ட வினையும் சேர்ந்தே ஓடும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

இனி உன் பக்கம். நீ மறை 30 பாகை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே முப்பது, என்று சர்வசாதாரணமாக எழுதுகிறாய், வாசிக்கும்போதே எனக்குக் காது உறைகிறது. குளிரில் பற்றரி உப்பாது. மந்தமாகும், கையில் கொஞ்சமாகவே மின் தரும். திரையில் படம் கஞ்சி மாதிரி ஊர்ந்து மாறும், இதெல்லாம் சூடு வந்தால் சரியாகிவிடும். சரியாகாத ஒன்று இருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே உறைந்து கிடக்கிற லிதியம் பற்றரிக்கு மின்னேற்றினால், லிதியம் உள்ளே நுழையாமல் மேலே உலோகமாகப் படிகிறது. படிந்தது படிந்ததுதான். நீ காரை இயக்கிய கணமே கமரா மின்னேற்றத் தொடங்கும். ஆகவே நின்ற காரை விட, விடிய எழுந்து ஓட்டுகிற முதல் பத்து நிமிடம்தான் அதற்குக் கண்டம். உங்கள் ஊரில் காரைச் சுவரில் உள்ள மின்சாரத்தில் மாட்டிவிடுவீர்களே, அந்தச் சூடாக்கி இயந்திரத்தை மட்டும்தான் சூடாக்கும். கமரா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தனியே விறைக்கும்.

காவல் முறையில் விடுவது இன்னும் மோசம். கணக்குப் பார். கமரா மூன்று வாட் குடிக்கிறது என்று வை. பன்னிரண்டு வோல்ற்றில் கால் அம்பியர். ஒரு நாளைக்கு ஆறு அம்பியர் மணி. கார் பற்றரி நாற்பது என்றால் மூன்று நாளில் பாதி காலி. இது எங்கள் ஊர்க் கணக்கு. மறை 18 பாகையிலேயே ஈயப் பற்றரி தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். ஆறு கிழமைக்கு எங்கே போவது? மின்னழுத்தம் இறங்கினால் தானே அறுக்கிற கருவி பூட்டியிருக்கிறாய் என்றால் பற்றரி தப்பும், ஆனால் கமரா இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தூங்கிவிடும். மிச்ச ஐந்தரைக் கிழமைக்கு அது வெறும் பொம்மை.

கழற்றி உள்ளே கொண்டுபோகும்போது ஒரு கவனம். உறைந்த பொருளைச் சூடான வீட்டுக்குள் திடீரென்று எடுத்தால் குளிர்ந்த சோடாப் போத்தல் மாதிரி வேர்க்கும், உள்ளேயும் வேர்க்கும். காருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டு. வீட்டுக்குள் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திற. அதுவரை மின் கொடுக்காதே.

உப்பிய கமராவை என்ன செய்தேன் என்று கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். அது மேசையில் கிடந்ததைக் கண்டு, வளவு கூட்டிய சருகோடு சேர்த்துக் குப்பைக் கிடங்கில் கொளுத்துவதற்கு வேலைக்கார அம்மா கொண்டுபோய்விட்டார். ஓடிப்போய்ப் பறித்தேன். பழைய பால்மாப் பேணியில் மணல் நிரப்பி அதற்குள் புதைத்துக் கொட்டிலின் மூலையில் வைத்திருக்கிறேன். நீ வரும்போது உன் பரிசை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

புதியது ஒன்று ஸ்ரான்லி வீதியில் வாங்கினேன். உள்ளே பற்றரியா கப்பாசிட்டரா என்று கேட்டேன். கடைப் பையன் 4K, எட்டு மெகாபிக்சல் என்று கதையெல்லாம் சொன்னான், இதைச் சொல்லத் தெரியவில்லை. சட்டைப்பையில் இருந்த சிறு திருப்புளியால் அங்கேயே முதுகைத் திறந்து பார்த்தேன், பாவம், அவன் முகம் வெளிறிவிட்டது. இரண்டு சின்ன உருளைகள் இருந்தன. பாடப்புத்தகத்தில் கொள்ளளவி, நம் கடையில் கொண்டென்சர், இப்போது பெயர் சுப்பர் கப்பாசிட்டர். வேதிவினையை நம்பாமல் கரிப்பரப்பில் மின்னைத் தேக்கிவைக்கிறது, அதனால் சூட்டையும் குளிரையும் பற்றரியை விட நன்றாகத் தாங்கும். சில விநாடிக்குத்தான் மூச்சு. கடைசிக் கோப்பை ஒழுங்காக மூடிவிட்டு அணைய அது போதும். அப்படியிருந்தும் இதையும் வெய்யிலில் விடுவதில்லை. மெமரி கார்ட், ஒட்டுப்பசை, கண்ணாடி வில்லை எல்லாம் இரும்பா என்ன? தீவுப் பக்கம் போனால் உப்புக்காற்று வேறு.

நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உள்ளே பனையோலைத் தடுக்கு ஒன்று சாத்துகிறேன். சித்தியிடம் சொல்லி அளவுக்குப் பின்னுவித்தது. அளந்து பார்த்தேன், டாஷ்போர்டு 70 இலிருந்து 47க்கு இறங்கியது. தடுக்குச் சாத்தினால் கமராவுக்குக் கண் தெரியாது, அதுவும் உண்மை. மகன் இதை வைத்தே என்னைக் கேலி செய்கிறான், காவலுக்கு வாங்கிய கமராவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேனாம். சொல்லட்டும். ஓடும் வீதியில் மாடு குறுக்கே வந்தால், மோட்டார் சைக்கிள்காரன் பிழையான பக்கத்தால் வந்தால், அதற்குச் சாட்சி வேண்டும். நிற்கிற காருக்கு வேம்பின் நிழல் வேண்டும். பனைக்குக் கீழே மட்டும் நிறுத்துவதில்லை, ஆவணியில் பழம் விழுந்தால் பம்பர் இல்லை, கூரையே போகும்.

இந்த முறை மழை நன்றாகப் பெய்திருக்கிறது. கிணறு கட்டுக்கு இரண்டு முழம் கீழே நிற்கிறது. கொட்டிலின் கிடுகு ஓரிடத்தில் ஒழுகுகிறது, நீ வருவதற்குள் மாற்றிவிடுவேன்.

கட்டுநாயக்காவுக்கு நானே காரோடு வருவேன், பஸ்ஸில் ஏறிவிடாதே. இரவு ஏ9 வீதியில் ஏறினால் ஆனையிறவில் விடியும். அங்கே நிறுத்தி இறங்கித் தேநீர் குடிப்போம். இறங்கும்போது கமராவைக் கழற்றி உன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது உன் பொறுப்பு.

அன்புடன்,
ஸ்ரான்லி வீதி ரேடியோக்காரன்