மீட்ட சங்கிலி

கேத்தி,
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே விடிகாலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாற்போல உறைபனி. உருளைக்கிழங்குச் செடி கருகிவிட்டது, கேரட் தப்பித்தது. ஆனால் பதில் தாமதமானதற்குக் காரணம் பனி இல்லை. நீ கேட்ட கேள்விதான்.

சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவன் திரும்பிவந்து நம் கோயிலில் உட்காருகிறானாமே, எப்படிச் சகிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஆமாம், வந்துவிட்டான். பாலாடாவில் கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டை தூக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில், கதவோரம் உட்காருகிறான். முதல் மூன்று வாரம் நான் ஆராதனையில் செய்ததெல்லாம் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான். பாட்டுக்கு வாயசைக்கிறானா, காணிக்கைப் பையில் என்ன போடுகிறான் என்று கணக்கெடுத்தேன். பிரசங்கம் ஒரு வரி காதில் ஏறவில்லை.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்காக ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக்குப் போனேன். 1831 ஈஸ்டர் அன்று ஜனங்களுக்குத் திறந்த கோயில். அதன் உத்திர மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. அண்ணாந்து அந்த உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறன் கண்ணில் இருக்கிற துரும்பைப் பார்க்கிற நீ உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை உணராதது என்ன என்று ஆண்டவர் கேட்டாரே, அந்த உத்திரத்தின் பருமன் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் செய்தது துரும்பு என்று நான் சொல்லவில்லை. நம்மில் எத்தனை வீடு அழுதது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவன் விழ வேண்டும் என்று நான் காத்திருந்தேனே, அதற்கு என்ன பெயர்?

அவன் ஓடிப்போன அந்த வருஷம் என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? மீட்கப் பதினாலு மாதம் ஆனது. அசலும் வட்டியும் எண்ணி வைத்ததும் கடைக்காரர் சீட்டைக் கிழித்துவிட்டு, சின்னத் துணிப்பையிலிருந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். கொக்கி லேசாக நெளிந்திருந்தது. அதோடு அவருக்கும் நகைக்கும் இருந்த உறவு முடிந்தது. மீட்பு என்ற சொல்லை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! அவனைக் கிரயம் கொடுத்து மீட்ட ஆண்டவர் ஒருவர் இருக்க, நான் இன்னும் அடகுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னையும் அதே கிரயத்தில்தானே மீட்டார்? எனக்கென்று தனியாகக் குறைந்த விலை எதுவும் இல்லையே.

இதற்காகக் கோயில் கணக்கு நோட்டை அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. கமிட்டியில் அந்தப் பேச்சு வந்தபோது வேண்டாம் என்றேன். அது அவனுக்கும் பாரம். பட்ட கடனை அவன் அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் மனந்திரும்பியது நிஜமா நடிப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ரோமருக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல் மற்றவனுடைய வேலைக்காரனைத் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று கேட்கிறாரே, நின்றாலும் விழுந்தாலும் அவன் தன் எஜமானுக்கே உத்தரவாதி என்று. அங்கே சபையாருக்குள் சண்டை, எதைச் சாப்பிடலாம் என்பதைப் பற்றி. இங்கே பணத்தைப் பற்றி. எஜமான் ஒருவர்தான்.

போன வாரம் திருவிருந்துக்கு முழங்கால் போட்டபோது என் பக்கத்தில் வந்து அவன் முழங்கால் போட்டான். ஒரு கணம் எழுந்து தள்ளிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அவன் கையை ஏந்தினான். விரல் வெடிப்புகளில் செம்மண் அப்படியே நின்றிருந்தது, எத்தனை தேய்த்தும் போகாத மண். ஆயர் அந்தக் கையில் அப்பத்தை வைத்தார். அடுத்தது என் கை.

மாதாமாதம் ஐந்நூறு ரூபாயைக் காகிதத்தில் மடித்து என்னிடம் தருகிறான். யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். உன் பெயர் மூன்றாவது. நேற்று உன் விலாசம் கேட்டான், உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். கொடுக்கட்டுமா? உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி