முச்சை கட்டுமுன் படம் அனுப்பு

அன்பு மகளுக்கு,

பள்ளிக்கூடத்துக்குக் கடதாசியில் ஏதாவது செய்துகொண்டு போக வேண்டுமென்றும், பட்டந்தான் செய்வேனென்று பேரன் அடம்பிடிக்கிறானென்றும் தொலைபேசியில் சொன்னாய். பட்டத்துக்குப் பேர்போன வல்வெட்டித்துறையில் பிறந்தும் பட்டம் கட்டத் தெரியவில்லையே என்று நீ சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என்னால் வந்த குறை. உன் எட்டாவது வயதில், பட்டத்துக்கு ஒட்டும் மெல்லிய ரிசு பேப்பரைக் கிழித்துவிட்டாய் என்று கையிலிருந்ததை வாங்கி நானே ஒட்டி முடித்தேன். அதன்பிறகு நூலைப் பிடிக்க மட்டுமே உன்னை விட்டேன். ஆகவே அவன் கிழித்தால் கிழிக்கட்டும், இரண்டு தாள் கூடுதலாக வாங்கி வை.

எட்டுமூலைப் பட்டமும் பிராந்துப் பட்டமும் பிறகு பார்க்கலாம். முதலில் நாலுமூலை போதும். மூங்கில் சலாகை இரண்டைக் குறுக்காகக் கட்டி, நுனிகளைச் சுற்றி நூலை இழுத்தபின், கடதாசி ஒட்டுமுன்னரே, நெடுஞ்சலாகையை விரலில் தாங்கிப் பார்க்கச் சொல். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துச் சலாகையைக் கத்தியால் கொஞ்சங் கொஞ்சமாகச் சீவ வேண்டும். கத்தி உன் கையில் இருக்கட்டும். இந்தச் சமன் பிழைத்தால் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் பட்டம் சுழன்றுகொண்டேயிருக்கும்.

கடையில் விற்கும் பசை வேண்டாம். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவிட்டு எடு. தடிப்பாகப் பூசினால் பாரமேறித் தாள் சுருங்கும்; தண்ணியாக இருந்தால் சாயம் கரைந்து ஊறிக் கிழியும். சட்டத்துக்கு வெளியே ஒரு விரலளவு தாள் விட்டு, அதை நூலின்மேல் மடித்து, பசை பூசி, நகத்தால் அல்ல, விரலின் சதையால் மெதுவாகத் தடவி ஒட்ட வேண்டும். அன்றைக்கு நீ நகத்தால் இழுத்தாய். அதைச் சொல்லித் தராமல் வாங்கிக்கொண்டேன்.

பட்டத்தின் உயிர் முச்சையில், அதாவது சட்டத்தில் கட்டும் மூன்று நூல்களில் இருக்கிறது. மேலே இரண்டு நூல், கீழே ஒன்று. மூன்றும் சேருமிடத்தில்தான் பறக்கவிடும் நூலை முடிய வேண்டும். மேல் நூல்கள் குட்டையானால் பட்டம் தலைகுத்தும். கீழ்நூல் குட்டையானால் காற்றை முகம் முழுவதும் வாங்கிக்கொண்டு, ஏறாமல் இழுத்தபடி நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நீளத்தை அளவுகோல் சொல்லாது. முடிந்து, பிடித்துப் பார்த்து, அவிழ்த்து, மறுபடி முடிய வேண்டும். இங்கே பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் ஆளைவிடப் பெரிய பட்டங்களை ஏற்றுகிறவர்களும் கடைசி நேரத்தில் முச்சையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

பட்டத்தைக் கூவவைக்கும் விண்ணையும் பேரன் கேட்பான், கட்டாயம் கேட்பான். வில்போல் வளைத்த மூங்கிலில் இழுத்துக் கட்டும் அந்த நாடா காற்றில் அதிர்ந்துதான் கூவுகிறது. முன்பு பனைநாரைச் சீவினோம். இப்போது பார்சல் கட்டும் நாடாவைச் சீவுகிறார்கள். வாடைக்காற்றில் பூவரச மரத்தில் கட்டிவிட்ட பட்டம் விடியும்வரை கூவியதும், நித்திரை வரவில்லையென்று அம்மா என்னைத் திட்டியதும் உனக்கு நினைவிருக்கும். ஆனால் சின்னப் பட்டம் விண்ணின் பாரத்தைத் தாங்காது. அடுத்ததுக்கு ஆகட்டும், நாடா ஒன்று சீவித் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் பனி விலகும்வரை பட்டம் சுவரில் தொங்கட்டும். முச்சை கட்டுமுன் சட்டத்தைப் படமெடுத்து அனுப்பு. எந்த இடத்தில் துளை போடுவதென்று சொல்கிறேன். துளையை அவனே போடட்டும்.

அன்புடன்,
அப்பா