ஆய்வுகூடம் வேண்டாத விஞ்ஞானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகளின் ஆய்வுகூடக் குறைபாடு குறித்துப் பலரும் எழுதி வருகின்றனர். அக்குறை உண்மையானதே. ஆயினும் அதைக் காரணங்காட்டி, ஆய்வுகூடமே தேவைப்படாத பரிசோதனைகளையும் கரும்பலகையில் எழுதி முடித்துவிடுவது ஏற்கத்தக்கதன்று. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் பிணைவு விசையும், அதனால் நீர்ப்பரப்பு இறுகிச் சுருங்க முயலும் மேற்பரப்பு இழுவிசையும் அவ்வாறு வீணாகும் பாடங்களாகும்.

கழுவியெடுத்த கண் மருந்துப் போத்தலொன்று, ஒரு நாணயம், பீலித் தண்ணீர் ஆகியவை போதும். நாணயத்தின் மேல் எத்தனை துளிகள் வழியாமல் நிற்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தன் கொப்பியில் எழுத வேண்டும். அதன் பின்னரே போத்தலைக் கையில் கொடுக்க வேண்டும். விளிம்பையும் மீறி நீர் குவிந்து நிற்பதையும், தான் எழுதிய எண்ணைத் துளிகள் தாண்டிச் செல்வதையும் காணும் பிள்ளை, ஏன் என்று தானாகவே கேட்கும். ஆசிரியர் மேசையில் செய்துகாட்டி, பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு அமர்ந்தால் அக்கேள்வி எழாது.

விளக்கமளிப்பதிலும் கவனம் தேவை. மெல்லிய கடதாசித் துண்டின் மீது வைத்துத் தையல் ஊசியை நீரில் நிறுத்தும்போது, கப்பல் மிதப்பதைப் போன்றே ஊசியும் மிதக்கிறது என்று பிள்ளைகள் எண்ணிவிடலாம். உருக்கின் அடர்த்தி நீரினதைப் போல் ஏறத்தாழ 8 மடங்காகும். விரலால் ஊசியை ஒருமுறை நீருக்குள் அமிழ்த்தினால் அது மீண்டும் மேலெழாது. இந்த ஒரு செயலே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிவிடும். நீரின் மேல் தோல் இருப்பதாகச் சொல்லிக் கொடுப்பதும் முழுமையான விளக்கமன்று. உள்ளிருக்கும் மூலக்கூறுகளை அயல் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஈர்க்கின்றன. மேற்பரப்பில் உள்ளவற்றுக்கோ மேலே அயல் நீர் மூலக்கூறுகள் இல்லாமையால் நிகர ஈர்ப்பு உள்நோக்கியதாகிறது. நீரில் மிளகுத்தூளைத் தூவிச் சவர்க்காரம் தொட்ட விரலை வைக்கும் பரிசோதனையிலும் தூள் சவர்க்காரத்துக்கு அஞ்சி ஓடுவதில்லை. சவர்க்காரம் பட்ட இடத்தில் இழுவிசை குறைய, சுற்றிலும் உள்ள வலிமையான பரப்பு தூளைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது.

வசதியின்மையைப் பேசுவோர் ஜேர்மனியின் அக்னெஸ் பொக்கெல்சை அறிந்திருப்பது நல்லது. பெண் என்பதால் பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பின்றி, வீட்டு வேலைகளுக்கிடையே நீர்ப்பரப்பை ஆராய்ந்த அவர், தம் முடிவுகளை ஆங்கிலேய பௌதிகவியலாளரான ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். 1891ஆம் ஆண்டு அக்கடிதம் ‘நேச்சர்’ விஞ்ஞான சஞ்சிகையில் வெளியாயிற்று. எமது தோட்டப்புற மாணவியருக்கு நோபல் பரிசாளர் பட்டியலை மனனம் செய்விப்பதைவிட இந்த வரலாற்றைச் சொல்வது மேல்.

தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் நேரத்தில் ஒரு பாடவேளையையேனும் இதற்கு ஒதுக்குமாறு அதிபர்களையும், இத்தகைய எளிய பரிசோதனைகளில் ஆரம்பப்பிரிவு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்குமாறு வலயக் கல்வி அலுவலகங்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன். செய்ய முன்வரும் ஆசிரியர்கள், சவர்க்காரம் சேர்ந்த பரிசோதனைகளை இறுதியாக வைத்துக்கொள்வார்களாக. சவர்க்காரம் ஒட்டிய கோப்பையில் ஊசி நிற்பது அரிது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்.