அக்கா, நான் மட்டும் போகிறேன்

அக்கா,

லிஸ்பனுக்கு நேற்று ராத்திரி டிக்கெட் போட்டுவிட்டேன். ஒன்றுதான். போனில் சொன்னால் "சரிடி, போயிட்டு வா" என்று வைத்துவிடுவாய், நான் பேச நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே நிற்கும், அதனால் இங்கே எழுதுகிறேன். அத்தானும் படிப்பார் என்று தெரியும். வணக்கம் அத்தான்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருந்த இந்தப் பயணம் தள்ளிப்போன கதையெல்லாம் உனக்குத் தெரியும், விடு. எனக்கு அந்த விசா படிவம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெயர், பிறந்த தேதி எல்லாம் அச்சு மாதிரி எழுதினாய். பயணச் செலவு யாருடையது என்று கேட்கிற இடத்தில் இரண்டு கட்டம்: விண்ணப்பிப்பவரே, அல்லது வேறொருவர். பேனா முதல் கட்டத்துக்கு மேலே போய் நின்றது. குக்கர் விசில் அடித்தது, நீ எழுந்திருக்கவில்லை. உன்னிடம் பணம் இருந்தது. எவ்வளவு, எப்படிச் சேர்த்தாய் என்பதை இங்கே எழுதமாட்டேன். கடைசியில் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாய். கேட்கவே இல்லை, இல்லையா? அத்தான் மேல் தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்குக் கோபம்தான். உன் முழங்காலுக்காகத்தான் பைஷாவில் அறை தேடினேன். மேடும் இறக்கமுமான அந்த ஊரில் சமதரையாக இருக்கிற பகுதி, 1755 பூகம்பத்துக்கு அப்புறம் நேர்நேர் தெருக்களாகத் திரும்பக் கட்டியது. ஜெரோனிமோஸ் மடம் திங்கட்கிழமை திறக்காது என்று மொத்தத் திட்டத்தையும் கலைத்துப் போட்டேன், ஏனென்றால் அங்கே இருக்கிற வாஸ்கோடகாமா கல்லறை முன்னால் நின்று "மிளகு இப்ப என்ன விலை"ன்னு கேட்கணும் என்றவள் நீதான். 1524-ல் கொச்சியில் செத்தவரை 1539-ல் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார்கள். செத்தவருக்கே பயணம் அமைந்துவிட்டது.

மன்னிச்சுக்கோ, இது கொஞ்சம் அதிகம். ஆனாலும் அழிக்கப்போவதில்லை.

இப்போது அறையை அல்ஃபாமாவுக்கு மாற்றிவிட்டேன், எங்கே திரும்பினாலும் படிக்கட்டு. ஒரு நாள் கடலோர ரயிலில் கஷ்காய்ஷ், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து பஸ் பிடித்தால் காபு டா ரோகா, ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கோடி. அப்புறம் மூன்று மணி நேர ரயிலில் போர்ட்டோ. அங்கே சாவோ பென்டோ ஸ்டேஷன் சுவரெல்லாம் சுமார் 20,000 டைல்ஸில் நீல நீலமாகச் சித்திரம். வரைகிற கை உனக்கு, எனக்கு நேர்கோடே வராது, நான் போய் அதில் என்னத்தைப் பார்க்கப்போகிறேன்? வீடியோ கால் எல்லாம் பண்ணமாட்டேன். சரி, ஸ்டேஷனிலிருந்து மட்டும் பண்ணுவேன், எடு.

உன் பாஸ்போர்ட் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஒரே விசாவில் சுற்றுகிற அந்த ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்கு அப்புறமும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், உன்னுடையது அதற்குள் முடிந்துவிடும். புதுப்பிக்கிற எண்ணம் இருந்தால் நீயே வந்து வாங்கிக்கொள். அத்தானை அனுப்பினால் கொடுக்கமாட்டேன்.