மல்லாவியிலிருந்து மகனுக்கு

அன்புள்ள தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போனில் கதைத்தால் பக்கத்து வளவுக்கும் கேட்கும். சிலதை மருமகளுக்கு முன்னால் சொல்ல ஏலாது. சிலதை உனக்குச் சொல்ல எனக்கே கூச்சம். அதுதான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து ஆறுதலாக இருந்து வாசி.

"அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடாதேங்கோ அம்மா" என்று நேற்றுச் சொன்னாய். அக்கறையில்தான் சொன்னாய், ஆனால் அது சரிவராது. வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்த ஒப்பரேஷனுக்கு மறுநாளே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிமார் அவளைப் பிடித்து எழுப்பி நடக்க வைத்துவிட்டார்கள். ஒரேயடியாகப் படுத்துக் கிடந்தால் காலில் இரத்தம் கட்டிப்படும், அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று விளங்கப்படுத்தினார்கள். இங்கேயும் காலையிலும் பின்னேரமும் முற்றத்து வேம்புவரை போய் வருகிறாள். நடக்கலாம், பாரம்தான் தூக்கக் கூடாது. கைக்குழந்தையை விடப் பாரமான எதுவும் இப்போதைக்கு அவள் கைக்குப் போகக் கூடாது. தண்ணீர் வாளி, ஈர உடுப்பு, உன் மூத்தவன், எல்லாம் அதில் சேர்த்திதான். அவன் "தூக்கு" என்று அழுகிறான். அவளைக் கதிரையில் இருத்தி, மடியில் தலையணை வைத்து, அவனைப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன். அவனுக்கு அது காணும்.

கட்டிலால் எழும்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நேரே நிமிர்ந்தால் தையல் இழுக்கும். முழங்கால் இரண்டையும் மடித்து, உடம்பை ஒருபக்கம் சரித்து, காலை வெளியே விட்டு, கையை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். இருமல் தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கிறாள். அப்பா பகிடி விட்டாலும் அதே தலையணைதான். "சிரிக்கப் பண்ணாதேங்கோ மாமா" என்று கெஞ்சுகிறாள், மனுசன் கேட்டால்தானே. ஆஸ்பத்திரியிலிருந்து வான் வண்டியில் வீட்டுக்கு வரும்போதும் அந்தத் தலையணை வயிற்றில்தான் இருந்தது. முறிகண்டியில் அப்பா மட்டும் இறங்கித் தேங்காய் உடைத்தார். அவள் வானுக்குள் இருந்தபடியே பிள்ளையாரைக் கும்பிட்டாள். மாங்குளத்தால் உள்ளே திரும்பின பிறகு ஒவ்வொரு குழிக்கும் ட்ரைவரை ஏசிக்கொண்டே வந்தேன்.

இனி உன் பெரியம்மாவின் கதை. பாவட்டை, நொச்சி, ஆமணக்கிலை எல்லாம் பிடுங்கிக்கொண்டு, பெரிய பானையோடு வந்து நின்றாள். கொதிக்கக் கொதிக்க வயிற்றில் அடித்து ஊற்றி, சேலையால் இறுக்கிக் கட்ட வேண்டுமாம். அவள் காலத்தில் பெற்றவர்களின் வயிற்றில் வெட்டுக் காயம் இல்லை, இவளுக்கு இருக்கிறது. தோல் மட்டுமா, அதற்குக் கீழே சவ்வு, கருப்பை என்று படை படையாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். வெளித்தோல் இரண்டு கிழமையில் ஒட்டினாலும் உள்ளே ஆற ஆறு கிழமையாவது வேண்டும். அதனால் வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாக வார்த்து, காயத்தைத் தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கிறேன். மஞ்சள், எண்ணெய், சாம்பல் ஒன்றும் கிட்டக் கொண்டுபோக விடவில்லை. கட்டிலுக்குக் கீழே தணல் சட்டியும் வேண்டாம் என்றுவிட்டேன். அக்கா முகத்தை நீட்டிக்கொண்டு போனாள். போகட்டும், 31ஆம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவுக்கு வருவாள்.

சாப்பாட்டில் மட்டும் அவளோடு எனக்குச் சண்டை இல்லை. சரக்குக் கறி, உள்ளி, முருங்கையிலை, குளத்து விரால், சுறா கிடைத்தால் புட்டு, எல்லாம் நடக்கிறது. காயம் ஆறவும் பால் சுரக்கவும் நல்ல சாப்பாடு வேண்டும்தானே. ஆனால் "தண்ணி குடித்தால் வயிறு ஊதும்" என்பதை மட்டும் நான் எடுக்கவில்லை. இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காவிட்டால் மலம் இறுகும், முக்கினால் தையல்தான் நோகும். மரக்கறி, பப்பாப்பழம் எல்லாம் கொடுக்கிறேன். மலசலகூடத்தில் குந்தி எழும்பக் கஷ்டப்படுகிறாள் என்று அப்பா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டிக் கொடுத்திருக்கிறார். பார்க்கச் சிரிப்புத்தான், ஆனால் உதவுகிறது.

பால் வரக் கொஞ்சம் பிந்தியது. ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்படி நடக்கிறதுதான், விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். இப்போது சரிந்து படுத்தபடி, இல்லாவிட்டால் குஞ்சைக் கக்கத்துப் பக்கம் இடுக்கிக்கொண்டு கொடுக்கிறாள், வயிற்றில் முட்டாது. நோவுக் குளிசையால் பால் கெட்டுவிடும் என்று பயந்து இரண்டு நேரம் போடாமல் விட்டிருக்கிறாள். பால் கொடுக்கிற தாய் என்று தெரிந்துதான் டொக்டர் தந்தது, நோவை அடக்கிக்கொண்டு கிடந்தால் நடக்கவும் மாட்டாய், பிள்ளையைத் தூக்கவும் மாட்டாய் என்று ஏசிக் குடிக்க வைத்தேன்.

நம் மருத்துவமாது ஸ்கூட்டியில் வந்து காயத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். அவள் சொன்னதையெல்லாம் கலண்டருக்குப் பின்னால் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால், காயம் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காயத்தின் வாய் திறந்தால், ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் நனைகிற அளவுக்கு இரத்தம் போனால், நாற்றமடித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு முட்டினால், கடுமையான தலையிடியோடு கண் மங்கினால், விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. மருமகளின் போனிலும் அந்த நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இனி உனக்கு. உனக்கு இரவு 9 மணி என்றால் எங்களுக்கு 11.30. குஞ்சு கண்ணயர்ந்த நேரம் பார்த்து உன் போன் அடிக்கிறது. இனிமேல் உன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடு. எடுத்ததும் "பிள்ளை என்ன செய்யுது" என்று கேட்காமல், "நீ சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா" என்று ஒருதரம் கேள். முதல் கிழமை காரணமில்லாமல் அழுதாள். அது பிள்ளை பெற்ற உடம்பில் வருகிறதுதான். இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால் கிளினிக்கில் சொல்ல வேண்டுமாம், கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிணற்றடியில் ஒருத்தி, "மூத்தவனை முக்கிப் பெத்தவள், இதை நோவில்லாமல் எடுத்துப்போட்டாள்" என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை கால் கீழாக இருந்தது, வெட்டாவிட்டால் இரண்டு உயிருக்கும் என்ன நடந்திருக்குமோ. அந்தக் கதையை நீயாவது அவளிடம் எடுக்காதே.

லீவில் வரும்போது நீ யோசிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஆறு கிழமைச் சோதனை முடிந்து, அவளுக்கும் மனம் இருந்தால்தான் அவளோடு சேர வேண்டும். அடுத்த பிள்ளைக்கு அவசரப்படாதே. கருப்பையில் தையல் போட்ட உடம்பு, திரும்பக் கருத்தரிக்க ஒன்றரை வருசமாவது இடைவெளி நல்லதாம். குடும்பக்கட்டுப்பாட்டைப் பற்றி இரண்டு பேருமாகக் கிளினிக்கில் போய்க் கதையுங்கோ. அம்மா எழுதிவிட்டாளே என்று வெட்கப்படாதே.

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குஞ்சைக் கொண்டுவருவதாக நேர்ந்திருக்கிறாய். இந்த வருசம் அந்தச் சனத்துக்குள்ளும் வெயிலுக்குள்ளும் இரண்டு பேரையும் கொண்டுபோக மாட்டேன். கண்ணகை அம்மாள் பெண்தானே, அவளுக்கு விளங்கும்.

31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு என்று நீ அனுப்பின காசைத் தொடவில்லை. பந்தல், சமையற்காரர், ஸ்பீக்கர் ஒன்றும் வேண்டாம் தம்பி. வருகிற சனத்துக்கு முன்னால் அவளால் மணிக்கணக்காக இருக்க ஏலாது. ஐயரைக் கூப்பிட்டுத் துடக்கைக் கழித்துவிட்டு வீட்டோடு முடிப்போம். அந்தக் காசில் கிணற்றுக்கு மோட்டர் பூட்டி, குசினிக்கும் குளிக்கிற இடத்துக்கும் பைப் இழுக்கலாம் என்று அப்பா சொல்கிறார். என்னால் என்றென்றைக்கும் தண்ணீர் அள்ள ஏலாது, நான் படுத்தால் அவள்தான் வாளியைத் தூக்குவாள். மோட்டர்க்காரன் வியாழக்கிழமை வருகிறான். சரியா இல்லையா என்று அதற்கு முன்னம் சொல்லு.

அன்புடன்,
அம்மா