எல்லோரும் எல்லோரோடும் பழகுகிறார்களாமே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிக் குழந்தைகளிடையே தொற்று பரவுவதைக் கணித மாதிரி வைத்து விளக்கிய போன வாரக் கட்டுரையில், "ஒரு வகுப்பில் எல்லோரும் எல்லோரோடும் சமமாகப் பழகுகிறார்கள்" என்று ஒரு வரி வந்ததே, அதைப் படித்ததிலிருந்து நாலு நாளாக மனசு ஆறவில்லை. 31 வருஷம் தொடக்கப் பள்ளியில் குப்பை கொட்டியவள் நான். அப்படி ஒரு வகுப்பு எங்கே இருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் சொன்னால், முட்டி வலியோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கணக்கு எனக்கு எதிரி இல்லை. 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தொற்று பரவுவதற்குச் சமன்பாடு எழுதியபோது எல்லோரும் ஒன்றாகக் கலக்கிறார்கள் என்றுதான் வைத்துக்கொண்டார்கள். எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும், சரி. ஆனால் அது அனுமானம் என்று அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாசகருக்கு மட்டும் ஏன் கண்ணால் கண்ட உண்மை மாதிரி பரிமாறுகிறீர்கள்?

கட்டுரையில் பெருமையாகச் சொல்லியிருந்த பாலிமாட் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஐரோப்பிய நாடுகளில் 7,290 பேரிடம் ஒரு நாள் யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதி வாங்கி, 97,904 தொடர்புகளைச் சேர்த்து 2008-இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளோடுதான் அதிகம் ஒட்டுகிறார்கள் என்று அதிலேயே இருக்கிறது. அதைச் சொன்ன கையோடு, அடுத்த பத்தியில் எல்லோரையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். அந்த ஆய்வில் எது தொடர்பு தெரியுமா? உடம்பில் பட வேண்டும், இல்லையென்றால் நேருக்கு நேர் இரண்டு பேரும் பேசி மூன்று வார்த்தையாவது தேற வேண்டும். ஒருத்தன் "ரப்பர் கொடு" என்று கேட்டு, மற்றவன் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டால் அது கணக்கில் வராது. "தர மாட்டேன் போடா" என்றால் வந்துவிடும். ஆனால் ரப்பர் கைமாறியது எதில்?

என் வகுப்புக்கும் ஒருமுறை இப்படி ஒரு தாள் வந்தது. நேற்று யார் யாரோடு விளையாடினாய் என்று பிள்ளைகளே எழுத வேண்டும். யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பெண், இடைவேளையில் சுவரோரம் நின்று நகம் கடிப்பவள், இருபது பெயர் எழுதியிருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பார்த்தால் எல்லாம் வருகைப் பதிவேட்டு வரிசை, ஒரு பெயர் மாறாமல். தினமும் நான் கூப்பிடுவதைக் கேட்டே மனப்பாடம் ஆகியிருக்கிறது. இன்னொரு பக்கம், எப்போதும் தோளில் கைபோட்டுத் திரிகிற இரண்டு பையன்கள் அன்று காலைதான் காய் விட்டிருந்தார்கள். இரண்டு பேர் தாளும் காலி! மதியத்துக்குள் பழம் விட்டாச்சு, தாள்கள்தான் போய்விட்டன. வாங்க வந்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சராசரியில் சரியாகிவிடும் மேடம்" என்றார்.

அந்த வருஷமே சின்னம்மை வந்தது. பெஞ்சு வரிசையில் வரும் என்று பயந்து பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்தோம். அதுவோ ஓடிப்பிடித்து விளையாடுகிற கும்பலோடு போயிற்று. 2009 பன்றிக் காய்ச்சலின்போது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு தொடக்கப் பள்ளியை ஆராய்ந்தவர்களும், நோய்ப்பட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை என்றுதான் கண்டார்கள். பையன்களிடமிருந்து பையன்களுக்கு, பெண்களிடமிருந்து பெண்களுக்கு என்று போயிருக்கிறது. அதே வருஷம் பிரான்சின் லியோன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 232 பிள்ளைகள் நெஞ்சில் உணர்கருவி மாட்டி, யார் யாரோடு நெருங்கியிருக்கிறார்கள் என்று இரண்டு நாள் அளந்ததில், வேறு வகுப்புப் பிள்ளைகளோடு இருந்ததைப்போல மூன்று மடங்கு நேரம் தன் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தார்கள். சமமாம் சமம்.

கேட்டால் கோபம் வருகிறது என்பீர்கள். இரண்டு வருஷம் முன்பு பள்ளிகளைக் "கிருமிப் பண்ணை" என்று தலைப்பு போட்டபோதும் எழுதினேன். மூன்று பக்கக் கடிதத்தில் "கட்டுரை அருமை" என்ற பாதி வாக்கியத்தை மட்டும் போட்டீர்கள். அந்த வாக்கியத்தின் மறுபாதி "என்று சொல்ல ஆசைதான்". அதற்கு முந்தைய வருஷம், தொற்று எப்படி ஏறி இறங்கும் என்று வாரம் ஒரு வளைகோடு அச்சடித்தீர்கள், எந்த அனுமானத்தில் வரைந்தது என்று ஒருநாளாவது போட்டீர்களா? பெற்றோர் அந்தப் படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில்தான் வைப்பார்கள், உங்கள் மேசையில் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரியில் "பழகுகிறார்கள்" என்பதைப் "பழகுவதாக வைத்துக்கொண்டால்" என்று திருத்தி, அடுத்த இதழில் ஒரு மூலையில் போடுங்கள்.

இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள். எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்தப் பெண்ணின் இருபது பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, உங்கள் பழைய சந்தாதாரர்